பதினேழு வயதுக்குப் பிறகும் சாலை இருக்கிறது

2023 ஜூலை 27 அன்று தெற்கு பிரான்சின் ஆல்பி நகரில் மகளிர் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் ஐந்தாம் நாள் ஓட்டம் முடிந்தது. கடைசி முப்பது கிலோமீட்டருக்கும் மேல் தன்னந்தனியாக முன்னால் வந்து, துரத்திய கூட்டத்தை அண்டவிடாமல் வென்றவர் ரிக்கார்டா பாவர்ன்ஃபைண்ட் என்ற 23 வயது ஜெர்மன் பெண். மூன்று நாள்களுக்கு முன் மோரியாக் ஊரில் முடிந்த இரண்டாம் நாள் ஓட்டத்தை வென்ற லியானே லிப்பெர்ட்டும் ஜெர்மனிக்காரர்தான். பாவர்ன்ஃபைண்ட் அதற்கு முந்தைய ஆண்டு கேன்யன்-ஸ்ராம் என்ற ஜெர்மன் அணியின் இளையோர் பிரிவில் ஓட்டிக்கொண்டிருந்தவர். இருபத்திரண்டு வயதுப் பெண்ணை இன்னும் வளர வேண்டியவர் என்று கருதி, சைக்கிளும் பயிற்சியாளரும் பந்தயங்களும் கொடுத்துக் காத்திருக்க ஓர் அணி இருந்தது. அந்த வெற்றியைவிட இந்த விவரம்தான் என் மனத்தில் தங்கிவிட்டது. ஏனென்றால், பெருந்துறையில் நான் பயிற்சி கொடுக்கும் பெண்பிள்ளைகளுக்கு சைக்கிள் பந்தயம் பதினேழு வயதில் முடிந்துவிடுகிறது.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பேரறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். 13 வயதுப் பிரிவில் மாணவர்களுக்கு 15 கிலோமீட்டர், மாணவிகளுக்கு 10. மற்ற இரண்டு பிரிவுகளிலும் மாணவர்களுக்கு 20, மாணவிகளுக்கு 15. இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிளைத்தான் ஓட்ட வேண்டும். கியர் வைத்த சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. இந்தக் கடைசி விதியை நான் மனதார ஆதரிக்கிறேன். பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளோடு வரும் நெசவாளி வீட்டுப் பெண்ணும், வசதியான வீட்டுப் பெண்ணும் ஒரே கோட்டில் நிற்க அதுதான் வழி. என் குறை மற்ற இரண்டைப் பற்றியது. பெண்ணுக்கு ஏன் ஐந்து கிலோமீட்டர் குறைவு? பதினேழைத் தாண்டிய பெண் எங்கே போவாள்?

முதல் கேள்விக்கு நம்மை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் ஆகாது. உலக சைக்கிள் கூட்டமைப்பே மகளிரின் உயர்மட்டச் சாலைப் பந்தயத்துக்கு 160 கிலோமீட்டர் என்றும் ஆடவருக்கு 280 என்றும் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் தலா 90 பேர் என்று எண்ணிக்கை சமமானது, தூரம் சமமாகவில்லை. ஆண்கள் 273 கிலோமீட்டர் ஓட்டினார்கள், பெண்கள் 158. குறைந்த தூரம் பந்தயத்தை விறுவிறுப்பாக்குகிறது என்று வாதிடுவோர் உண்டு. உயர்மட்டப் பந்தயத்துக்கு அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் அந்த வாதம் செல்லாது. பருவமடையும் முன் ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் தாக்குப்பிடிக்கும் திறனில் பெரிய வேறுபாடு இல்லை என்பது விளையாட்டு மருத்துவத்தின் அடிப்படைப் பாடம். அந்த வயதில் பத்து கிலோமீட்டர் போதும் என்று நாம் சொல்லும்போது, அவளுடைய உடம்பு சொல்லாத ஒன்றை நாம் சொல்லிக்கொடுக்கிறோம்.

இரண்டாவது கேள்வி இன்னும் கனமானது. சைக்கிளும் பெண்ணும் என்ற விஷயத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் அல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். 1992 மகளிர் தினத்தையொட்டி அங்கே எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார். கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோய், கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிப் பெண்களும் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். குழந்தையை முன்பாரில் உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். அடுத்த பத்தாண்டில் அரசே பள்ளிப் பெண்களுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய திட்டம் பிறகு மற்ற மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் விரிந்தது. இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பிள்ளைகள் பதினோராம் வகுப்பில் புது சைக்கிளோடு வீட்டுக்குப் போகிறார்கள். சென்னிமலை, குன்னத்தூர், காஞ்சிக்கோயில் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகள் மேல்நிலை வகுப்புவரை படித்ததில் இந்தச் சைக்கிளுக்குப் பங்கு உண்டு என்பதை எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார்.

இந்தச் சாதனையை மதித்துத்தான் அடுத்ததைச் சொல்கிறேன். நாம் பெண்ணுக்கு சைக்கிளைக் கொடுத்தது அவள் போக வேண்டிய இடத்துக்குப் போவதற்காக. பள்ளி வந்ததும் அதன் வேலை முடிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடையில் அந்தச் சைக்கிள் தம்பிக்குப் போகும், அல்லது விற்கப்படும். நன்றாக ஓட்டிய ஒரு மாணவியைத் தொடர்ந்து அனுப்பும்படி நான் கேட்டபோது அவள் தாய் சொன்னது: "இன்னும் எதுக்குங்க சார் அவளுக்கு சைக்கிளு? காலேஜ் பஸ்ஸு வூட்டு முன்னாலயே வருதுங்க." அந்த அம்மா பிற்போக்கானவர் இல்லை, தறிக்குழியில் உட்கார்ந்து மகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர். மகள் சைக்கிளில் மேற்கொண்டு போவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்று அவருக்குக் காட்ட என்னிடம் எதுவும் இருக்கவில்லை. ஒரு போட்டி, ஒரு சங்கம், ஒரு வேலை, ஒரு சம்பளம், எதையும் சுட்டிக்காட்ட முடியாமல் திறமை இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜெர்மன் வீராங்கனைகளின் வாழ்க்கைப் பாதைகளை நான் அக்கறையோடு படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அவர்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்தவர் லிசா ப்ரென்னாவர். 1988இல் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், பால்பண்ணைகளுக்குப் பெயர்போன ஆல்காய் வட்டாரத்துக் கெம்ப்டன் நகரில் பிறந்தவர். 2014இல் ஸ்பெயினின் பொன்ஃபெராதா நகரில் நடந்த உலக சாலைப் போட்டியில் தனிநபர் நேர ஓட்டத்தில் தங்கம், அணி நேர ஓட்டத்தில் தங்கம், சாலைப் பந்தயத்தில் வெள்ளி என்று ஒரே வாரத்தில் மூன்று பதக்கங்கள் எடுத்தார். அப்போது வயது 26. ஏழு ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்ட்டில், டோக்கியோ ஒலிம்பிக்கில் ஃப்ரான்சிஸ்கா ப்ரௌஸ, லிசா க்ளைன், மீக்கே க்ரோகர் ஆகியோருடன் சேர்ந்து அணித் துரத்தல் போட்டியில் 4 நிமிடம் 4.242 விநாடி என்ற உலக சாதனையோடு தங்கம் வென்றார். அப்போது வயது 33. அதே ஆண்டு அக்டோபரில், முதன்முறையாக மகளிருக்கு நடந்த பாரி-ரூபே பந்தயத்தில், மழையில் ஊறிய கல் பாவிய சாலையில் நான்காவதாக வந்தார். 2022இல் ஓய்வுபெற்றார்.

இந்த வரிசையில் பதக்கங்களை ஒதுக்கிவிட்டு வயதை மட்டும் பாருங்கள். 17 வயதில் பந்தயம் முடிந்திருந்தால் இதில் ஒன்றுகூட நடந்திருக்காது. இது அவருக்கு மட்டும் உரிய விதிவிலக்கும் அல்ல. யூடித் ஆர்ண்ட் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் எடுத்தவர். 2004இல் உலக சாலை சாம்பியன். 2011, 2012 ஆண்டுகளில் உலக நேர ஓட்ட சாம்பியன். 2012 லண்டனில் ஒலிம்பிக் வெள்ளி. முதல் ஒலிம்பிக் பதக்கத்துக்கும் கடைசிப் பதக்கத்துக்கும் நடுவே பதினாறு ஆண்டுகள். நெதர்லாந்தின் அனமீக் ஃபான் ஃப்ளூட்டன் கால்பந்தில் காயப்பட்ட பிறகு இருபதுகளின் நடுவில்தான் சைக்கிள் பந்தயத்துக்கே வந்தார். 2022இல் டூர் டி பிரான்ஸை வென்றபோது அவருக்கு 39. நீண்ட தூர ஓட்டத்துக்கு வேண்டிய இதயமும் கால்களும் பல ஆண்டு உழைப்பில் மெல்ல மெல்ல உருவாகின்றன. ஜிம்னாஸ்டிக்ஸ்போல பதினாறு வயதில் உச்சத்தைத் தொடும் விளையாட்டு இதுவல்ல. நாமோ, விதை முளைவிடும் நேரத்தில் தண்ணீரை நிறுத்திவிடுகிறோம்.

பதினெட்டுக்கும் இருபத்தெட்டுக்கும் இடைப்பட்ட அந்த நீண்ட, பெயர் வராத ஆண்டுகளில் ஒரு ஜெர்மன் பெண்ணைத் தாங்கிப் பிடிப்பது எது? முதலில் ஊர்ச் சங்கம். சிறு நகரத்திலும் உறுப்பினர் சந்தாவில் நடக்கும் சைக்கிள் சங்கம் இருக்கும். அடுத்தது ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம். நகரத் தெருக்களிலோ, விடுமுறை நாளில் வெறிச்சோடிக் கிடக்கும் தொழிற்பேட்டைக்குள்ளோ, ஒன்றிரண்டு கிலோமீட்டர் சுற்றைப் பலமுறை சுற்றி ஓட்டுவார்கள். சாலையை அடைப்பதும் எளிது, பார்ப்பதும் எளிது. பிறகு வேலை. ஜெர்மன் ராணுவமும் கூட்டாட்சிக் காவல்துறையும் விளையாட்டு வீரர்களைப் பணியில் அமர்த்தி, சம்பளம் கொடுத்து, பயிற்சி செய்ய விடுகின்றன. ஒலிம்பிக் சாம்பியன் கிறிஸ்டினா ஃபோகல் காவல்துறைப் பணியில் இருந்தவர். அப்புறம் உள்ளூர் நிறுவனம். நியூரெம்பெர்க் நகரின் காப்பீட்டு நிறுவனம் ஒன்று பல ஆண்டுகள் தன் பெயரில் மகளிர் அணி நடத்தியது. 2005இல் உலக சாலை சாம்பியனான ரெகினா ஷ்லைகர் போன்றவர்கள் அப்படிப்பட்ட அணியில் ஓட்டித்தான் மேலே வந்தார்கள். கடைசியாக, ஓய்வுபெற்ற பிறகும் துறையிலேயே தங்கும் மனிதர்கள். டுசல்டார்ஃபில் பிறந்த இனா-யோகோ டாய்டன்பெர்க் இருநூறுக்கும் மேற்பட்ட பந்தயங்களை வென்று, 2013இல் விழுந்து தலையில் அடிபட்டதோடு ஓட்டத்தை நிறுத்தினார். பின்னர் ட்ரெக் அணியின் இயக்குநராக வந்தார். முதல் மகளிர் பாரி-ரூபேயை வென்ற பிரிட்டனின் லிசி டைக்னன் அந்த அணியின் வீராங்கனைதான்.

ஐரோப்பாவைப் பொற்காலமாக வரைந்துவிட எனக்கு விருப்பமில்லை. ஆண்கள் 1896இலேயே ஒலிம்பிக்கில் சாலைப் பந்தயம் ஓட்டினார்கள். பெண்களுக்கு அந்தக் கதவு 1984இல்தான் திறந்தது. அந்த முதல் பந்தயத்தில் வெண்கலம் எடுத்தவர் மேற்கு ஜெர்மனியின் சாண்ட்ரா ஷூமாகர். அதே 1984இல் தொடங்கிய மகளிர் டூர் டி பிரான்ஸ் சில ஆண்டுகளில் நின்று, பல பெயர்களில் தடுமாறி, 2022இல்தான் மறுபடி முறையாக வந்தது. ஊக்கமருந்துக் கறையும் அந்தத் துறையில் ஆழமானது. ஆண்கள் அணியின் ஊக்கமருந்து விவகாரங்களால் 2007இல் டி-மொபைல் நிறுவனம் சைக்கிளை விட்டே விலகியபோது, எந்தத் தவறும் செய்யாத மகளிர் அணியும் ஆதரவாளரை இழந்தது. உயர்மட்ட மகளிர் அணிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியம் வந்ததே 2020இல்தான். அப்போது ஆண்டுக்கு 15,000 யூரோ, 2023இல் 32,000க்கும் மேல். மகப்பேற்றுக்கு மூன்று மாதம் முழுச் சம்பளமும், அடுத்த ஐந்து மாதம் பாதிச் சம்பளமும் உண்டு. அதற்கும் கீழ்த்தட்டு அணிகளில் சம்பளமே இல்லாமல் ஓட்டும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் இந்த ஊதியமும் மகப்பேற்று விடுப்பும் யாரும் கருணையோடு கொடுத்தவை அல்ல. ஓட்டிய பெண்கள் சங்கம் சேர்ந்து கேட்டு வாங்கினார்கள்.

நம் நாட்டில் பெண்ணுக்கு சைக்கிள் வாழ்க்கைப்பாதையே இல்லையா என்றால், ஒரு குறுகிய பாதை இருக்கிறது. அது சாலையில் இல்லை, டெல்லியின் உள்ளரங்க ஓடுதளத்தில் இருக்கிறது. டெபோரா ஹெரால்டு கார் நிக்கோபார் தீவுக்காரர். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது ஒன்பது வயது. மரத்தில் தொற்றிக்கொண்டு பல நாள் உயிரைக் காத்துக்கொண்டவர். டெல்லி இந்திரா காந்தி அரங்க வளாகத்தில், 2010 காமன்வெல்த் போட்டிக்குக் கட்டிய ஓடுதளத்தில் பயிற்சி பெற்று, 2015 இறுதியில் 500 மீட்டர் நேர ஓட்டத்தின் உலகத் தரவரிசையில் நான்காம் இடத்துக்கு வந்தார். ஒரு தீவுச் சிறுமியை இந்த நாடு அவ்வளவு தூரம் கொண்டுபோக முடிந்தது என்பது எனக்கு நம்பிக்கை தருகிறது. கூடவே ஒரு கேள்வியையும் எழுப்புகிறது. நாம் ஏன் ஓடுதளத்தை மட்டும் தேர்ந்தெடுத்தோம்?

நிர்வாகத்தின் பக்கமிருந்து பார்த்தால் காரணம் புரிகிறது. ஓடுதளம் என்றால் ஒரு கூரை, ஒரு விடுதி, ஒரு பயிற்சியாளர் போதும். விரைவோட்டத்தில் இளம் வயதிலேயே பதக்கம் வரும். சாலைப் பந்தயத்துக்கோ காவல்துறை, போக்குவரத்துத் துறை, மருத்துவமனை, ஊர்மக்கள் எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும். பலன் பத்து ஆண்டு கழித்துத்தான் தெரியும். தமிழ்நாட்டிலும் சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் உடற்கல்வியியல் பல்கலைக்கழக வளாகத்தில் ஓடுதளம் இருக்கிறது. அது தேவையானதுதான். ஆனால் ஓடுதளம் என்றால் பெண் வீட்டைவிட்டு, ஊரைவிட்டு, ஒரே ஒரு பயிற்சியாளரின் கையில் தன் எதிர்காலத்தை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். அதில் உள்ள ஆபத்து 2022 ஜூனில் வெளிப்பட்டது. ஸ்லோவேனியாவுக்குப் பயிற்சிக்குப் போயிருந்த இந்திய வீராங்கனை ஒருவர் தேசியப் பயிற்சியாளர் மீது தகாத நடத்தைப் புகார் கொடுத்தார். இந்திய விளையாட்டு ஆணையம் அணியைத் திரும்ப அழைத்தது. பயிற்சியாளரின் ஒப்பந்தத்தையும் ரத்துசெய்தது. அந்தப் பெண் பேசியதால் நடவடிக்கை வந்தது. பேச முடியாத பெண்களின் பெற்றோர் என்ன முடிவுக்கு வருவார்கள் என்பது என்னைப் போன்ற ஆசிரியர்களுக்குத் தெரியும். வீட்டிலிருந்து போய், பலர் பார்க்க ஓட்டி, மாலையில் வீடு திரும்பும் விளையாட்டாகச் சாலை சைக்கிளை வளர்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படி வளர்ப்பதற்குக் கொங்கு நாட்டைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் எது என்று எனக்குத் தெரியவில்லை. பெருந்துறையிலிருந்து காங்கேயம் பக்கம் மெல்ல ஏறி இறங்கும் மேட்டாங்காட்டுச் சாலைகள். வடக்கே கோபிவரை வாய்க்கால் பாசனச் சமவெளி. ஒரு மணி நேரத் தொலைவுக்குள் சென்னிமலையின் மலைப்பாதை. இன்னும் தள்ளிப் போனால் 27 கொண்டை ஊசி வளைவுகளோடு திம்பம். இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது காற்றை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடி மாதங்களில் பல்லடம், தாராபுரம், காங்கேயம்வரை அடிக்கும் அடியில் தனியாக சைக்கிள் மிதிப்பவர் நகரவே திணறுவார். அந்தக் காற்றுதான் சாலைப் பந்தயத்தின் வாத்தியார். முன்னால் போகிறவர் காற்றை உடைக்க, பின்சக்கரத்தை ஒட்டி வருபவருக்கு உழைப்பில் கால்பங்குக்கும் மேல் மிச்சமாகும். பக்கக்காற்று அடித்தால் நேர்வரிசை உதவாது. ஒருவர் தோளுக்குச் சற்றுப் பின்னால் அடுத்தவர் என்று சாலையின் குறுக்கே சாய்வாக விரிய வேண்டும். முறைவைத்து முன்னால் வர வேண்டும். இதை நெதர்லாந்திலும் வடக்கு ஜெர்மனியிலும் பிள்ளைகள் சிறு வயதிலேயே காற்றில் நின்று கற்கிறார்கள். ஆடியில் நான் பிள்ளைகளைக் காங்கேயம் சாலைப் பக்கம் கூட்டிப் போவது இதற்காகவே. போட்டி மனப்பான்மையோடு வந்த பெண்கள் அரைமணி நேரத்தில் ஒருவருக்காக ஒருவர் காற்று வாங்கக் கற்றுக்கொள்வதைப் பார்ப்பது, இந்த வேலையில் எனக்குக் கிடைக்கும் மகிழ்ச்சிகளில் முதன்மையானது.

உடம்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். நம் பிள்ளைகள் பின்தங்கும்போது நாம் முதலில் சந்தேகப்படுவது மன உறுதியை. சந்தேகப்பட வேண்டியது இரத்தத்தை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. தசைக்கு ஆக்சிஜனைச் சுமந்துபோகும் ஹீமோகுளோபின் குறைந்தால் எந்தப் பயிற்சித் திட்டமும் பலிக்காது. மேட்டில் பின்தங்கும் பெண்ணை அதட்டுவதற்கு முன் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி இரத்தம் பார்க்கச் சொல்வதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். மாதவிடாய் முறையாக வருகிறதா என்று கேட்க ஒரு பெண் ஆசிரியர் கூட இருக்க வேண்டும். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாமல் ஓட்டினால் மாதவிடாய் நிற்கும், எலும்பு தேயும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 முதல் இதைத் தனி மருத்துவச் சிக்கலாக எச்சரித்துவருகிறது. கேழ்வரகு, கொள்ளு, முட்டை, கருப்பட்டி, கீரை என்று நம் வீட்டு அடுப்பிலேயே விடை இருக்கிறது. பெண்பிள்ளைக்கு அண்ணன் அளவுக்குச் சோறு வைக்க வேண்டும் என்பதைத்தான் பல வீடுகளில் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எதிர்வாதங்களில் இரண்டு எனக்கு உண்மையிலேயே பாரமானவை. ஒன்று பணம். நல்ல பந்தய சைக்கிள் லட்ச ரூபாயைத் தாண்டும். உலக சைக்கிள் கூட்டமைப்பின் விதிப்படி அதன் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று கட்டுப்பாடு வைக்கும் அளவுக்கு அங்கே தொழில்நுட்பம் போய்விட்டது. நம் பிள்ளைகளின் பள்ளி சைக்கிள் அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் கனக்கும். அந்தக் காசுக்கு ஒரு பள்ளிக்கே கைப்பந்து, கபடி ஏற்பாடு செய்யலாமே என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். சரியான கேள்விதான். தனித்தனியாக வாங்கினால் இது வசதியானவர்களின் விளையாட்டாகவே முடியும். அதனால்தான் சங்கம் வேண்டும் என்கிறேன்: பத்து சைக்கிள் ஊருக்குப் பொதுவாக இருந்து, உயரத்துக்கேற்ப மாற்றி மாற்றிப் பிள்ளைகள் ஓட்ட வேண்டும். பதினேழு வயதுவரை அதுகூட வேண்டாம். பள்ளி சைக்கிளே போதும்.

இரண்டாவது உயிர். தமிழ்நாட்டில் ஆண்டுக்குப் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலை விபத்தில் சாகிறார்கள். சேலம்-கொச்சி தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகப் போகிறது. அதில் ஒரு பெண்பிள்ளையை சைக்கிளோடு அனுப்ப எனக்கே மனம் வராது. சைக்கிளை மதிக்கும் நாட்டிலும் ஆபத்து உண்டு. 2005 ஜூலையில் ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில் பயிற்சியில் இருந்த ஆஸ்திரேலிய மகளிர் அணிமீது கார் மோதி ஏமி ஜில்லெட் இறந்தார். உடன் ஓட்டிய ஐவர் படுகாயமடைந்தார்கள். அந்தச் சாவுக்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் அவர் பெயரில் அறக்கட்டளை அமைந்து, சைக்கிள் ஓட்டுபவரிடமிருந்து வாகனங்கள் குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்ற சட்டத்துக்காகப் பல ஆண்டு போராடியது. அங்கே மாநிலம் மாநிலமாக அந்தச் சட்டம் வந்தது. சாலை ஆபத்தானது என்பதற்காகப் பெண்ணைச் சாலையிலிருந்து விலக்குவதா, சாலையைச் சரிசெய்வதா என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் அது.

வசதியும் பாதுகாப்பும் முழுதாக வந்த பிறகுதான் தொடங்க வேண்டும் என்றால் யாரும் எங்கும் தொடங்கியிருக்க முடியாது. ஆப்கானிஸ்தானில் தாலிபான் ஆட்சியிலிருந்து தப்பி வந்த ஃபரிபா ஹாஷிமி, யுல்துஸ் ஹாஷிமி சகோதரிகள், பாவர்ன்ஃபைண்ட் வளர்ந்த அதே ஜெர்மன் இளையோர் அணியில் இடம்பெற்று, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓட்டினார்கள். தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழும் மொரீஷியஸ் தீவிலிருந்து வந்த கிம் லு கூர் 2025இல் பெல்ஜியத்தின் லியேஜ்-பாஸ்தோன்-லியேஜ் பந்தயத்தை வென்றார். அதே ஆண்டு மகளிர் டூர் டி பிரான்ஸில் முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையும் அணிந்தார். நம் ஈரோடு மாவட்டத்தின் மக்கள்தொகைகூட இல்லாத நாடு அது.

எனவே என் கோரிக்கைகளை மாவட்ட நிர்வாகத்தின் முன்னும் இவ்வட்டாரத் தொழில் முனைவோர் முன்னும் வைக்கிறேன். அண்ணா மிதிவண்டிப் போட்டியில் மாணவிகளின் தூரத்தை மாணவர்களுக்குச் சமமாக்குங்கள். வயது வரம்பில்லாத மகளிர் பிரிவு ஒன்றைச் சேருங்கள். மில் வேலைக்குப் போகும் பெண்ணும் இரண்டு பிள்ளை பெற்ற தாயும் அதில் ஓட்டட்டும். அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டின் பயன் சாலை சைக்கிள் பந்தயப் பெண்களையும் எட்ட, மாநில அளவில் முறையான மகளிர் சாலைப் பந்தயத் தொடர் நடத்துங்கள். உலகத்துக்கே உடுப்புத் தைக்கும் திருப்பூர் பக்கத்தில் இருக்கிறது. அங்குள்ள ஒரு நிறுவனம் தன் பெயர் பொறித்த சட்டையைப் பத்துப் பெண்களுக்குக் கொடுத்து அணியாக்கினால், நியூரெம்பெர்க்கின் காப்பீட்டு நிறுவனம் செய்ததை இங்கே செய்ததாகும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெருந்துறை சிப்காட் வளாகம் 2,500 ஏக்கருக்கும் மேல் பரந்தது. உள்ளே அகலமான தார்ச்சாலைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையும் இயங்கும் ஆலைகள் அங்கே உண்டு, டேங்கர் லாரிகள் உண்டு, சில பகுதிகளின் காற்றைப் பற்றிச் சுற்றுவட்டார மக்களுக்கு நியாயமான புகாரும் உண்டு. அதனால் வளாகம் முழுவதையும் கேட்கவில்லை. ஆலைகளிலிருந்து விலகிய, இரண்டு கிலோமீட்டர் வரக்கூடிய ஒரே ஒரு சுற்றை, மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை ஆறு மணியிலிருந்து ஒன்பதுவரை வாகனங்களுக்கு அடைத்துக் கொடுங்கள். ஓர் ஆம்புலன்ஸும் நான்கு போக்குவரத்துக் காவலர்களும் போதும். பிள்ளைகளையும் அவர்களின் தாய்மார்களையும் அழைத்துவரும் பொறுப்பை இந்த வட்டார உடற்கல்வி ஆசிரியர்கள் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். வரும் தை மாதத்திலேயே தொடங்கலாம்.

கட்டுரையாளர்: உடற்கல்வி ஆசிரியர், பெருந்துறை.